ஆல்ப்ஸ் பனிச்சறுக்கு ஊர்களில் 1960களின் வடிவமைப்பு விடுதியில் தங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பிரான்ஸ் நாட்டு ஆல்ப்ஸில் ஃபிளேன், அவோரியாஸ், லேஸ் ஆர்க் போன்ற பனிச்சறுக்கு ஊர்கள், கோடையில் மாடுகள் மேய்ந்த உயரங்களில், 1960களில் முழு ஊரும் ஒரே வரைபடமாகத் தீட்டப்பட்டு எழுந்தவை. 1964 முதல் 1977 வரை நடந்த அரசின் 'பனித் திட்டம்' இத்தகைய உயரமான ஊர்களுக்கு ஊக்கமளித்தது. அக்காலத்தின் கான்கிரீட், பைன் மரம், ஆரஞ்சு நிறத் துணி, தரையோடு தாழ்ந்த சோபா ஆகியவற்றை ஒரு தலைமுறை முழுவதும் அசிங்கம் என்று ஒதுக்கியது. இப்போது அவற்றையே தேடிப் போய்த் தங்குகிறார்கள். ஆனால் இத்தகைய விடுதியை அதன் நிறங்களை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர் பாதிப் பணத்தை வீணாக்குகிறார் என்றே சொல்லலாம், ஏனெனில் அந்தக் கட்டடக் கலைஞர்கள் முதலில் வடிவமைத்தது வெயில் விழும் திசையையும் மனிதர் நடக்கும் வழியையும்தான். அவற்றைப் படிக்கத் தெரிந்துகொண்டு பதிவு செய்வதற்கான வழிமுறைகளைக் கீழே படிப்படியாகக் காணலாம்.

முதற்படி: அசல் எது, வேடம் எது என்று பிரித்தறிதல்

பழைய பாணி விடுதி என்ற பெயரில் இரண்டு வகைகள் விற்கப்படுகின்றன. ஒன்று, அக்காலத்திலேயே கட்டப்பட்டு, பழுதுபார்க்கப்பட்டு, இன்னும் விடுதியாக இயங்கும் கட்டடம். மற்றொன்று, அண்மையில் கட்டிய சாதாரண கட்டடத்துக்குள் பழைய தொலைபேசியும் வட்ட விளக்கும் வைத்து அலங்கரித்தது. இரண்டாவது வகை மோசமானது என்று சொல்வதற்கில்லை. பெரும்பாலும் அறைகள் பெரியவை, சுவர்கள் ஒலி தடுப்பவை, குளியலறை வசதியானது. ஆயினும் அசலின் விலையைக் கொடுத்து வேடத்தை வாங்கக் கூடாது.

பிரித்தறிவது எளிது. விளம்பரப் படங்களில் அறையை விட்டுவிட்டு வெளிப்புறச் சுவர், படிக்கட்டு, கணப்பு ஆகிய மூன்றையும் தேடிப் பாருங்கள். மெத்தை விரிப்பை ஒரே நாளில் மாற்றிவிடலாம், கான்கிரீட்டில் வார்த்த கணப்பை அப்படி மாற்ற முடியாது. அடுத்து, கட்டடக் கலைஞரின் பெயரும் கட்டிய ஆண்டும் விடுதியின் விவரங்களில் இருக்கின்றனவா என்று பாருங்கள். உண்மையான பழைய கட்டடத்தை வைத்திருப்பவர் அதைச் சொல்லாமல் இருக்க மாட்டார். இத்தகைய விடுதிகள் கைமாறும்போதெல்லாம் பெயரும் மாறிவிடுவதால், இன்றைய பெயரோடு கட்டடத்தின் பழைய பெயரையும் சேர்த்துத் தேடினால்தான் முழு வரலாறும் கிடைக்கும்.

இரண்டாம் படி: ஊரைத் தேர்ந்தெடுத்தல்

விடுதியைவிட ஊரே முதலில் முடிவாக வேண்டும். மூன்று ஊர்களும் ஒரே பத்தாண்டில் பிறந்தவையானாலும் குணத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை.

ஃபிளேன் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தில் இருக்கிறது. புவி இயற்பியலாளரான எரிக் புவாசோனாவும் அவருடைய மனைவி சில்வியும் முன்னின்று உருவாக்கிய ஊர் இது. வடிவமைத்தவர் ஜெர்மனியின் பாவ்ஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியில் பயின்று அங்கேயே கற்பித்த மார்செல் பிராயர். முதல் விருந்தினர்கள் 1969 தொடக்கத்தில் வந்தார்கள். பள்ளத்தாக்கில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கம்பிவடத்தில் மேலே கொண்டுவந்து கோத்தார்கள். அந்தப் பலகைகள் தட்டையானவை அல்ல. வைரத்தின் முகங்களைப் போல உள்ளும் புறமும் சாய்ந்திருப்பதால், காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு சன்னலைச் சுற்றியும் ஒரு பக்கம் வெள்ளி நிறமும் மறு பக்கம் ஆழ்ந்த சாம்பலுமாகத் தெரியும். மேகம் வந்தால் அதே சுவர் பின்னாலுள்ள சுண்ணாம்புப் பாறையோடு கலந்து மறைந்துவிடும். பாறை விளிம்புக்கு அப்பால் தூண்களின்றி நீளும் மேல்தளத்தைக் கொண்ட ஃபிளேன் விடுதிக் கட்டடம் 1991இல் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. கான்கிரீட்டைப் பார்த்தாலே முகம் சுளிப்பவர் இந்த ஊருக்குப் போக வேண்டாம். சுளிக்காதவருக்கு மூன்றில் இதுவே முதலிடம் என்பது என் கருத்து.

அவோரியாஸ் இதற்கு நேர் எதிர். 1,800 மீட்டர் உயரத்தில் ஒரு செங்குத்துப் பாறையின் தலையில் இருக்கும் இந்த ஊருக்குள் கார் வரக் கூடாது. 1960 ஒலிம்பிக் போட்டியில் தங்கம் வென்ற வீரர் ழான் வுவார்னேயின் எண்ணத்தை ஜெரார் பிரெமோன் கையிலெடுக்க, ஜாக் லாப்ரோவும் அவருடைய இளம் கூட்டாளிகளும் வரைந்தார்கள். 1966இல் திறந்த தெ துரோமோன் என்ற விடுதிதான் தொடக்கம். மரச் செதில்களால் போர்த்திய சுவர்கள், எங்குமே நேர்கோட்டில் நில்லாத கூரைகள், மூலைக்கு மூலை மாறும் அறை வடிவங்கள் எனக் கட்டடமே மலையின் மடிப்பாக நிற்க வேண்டும் என்ற பிடிவாதம் ஊர் முழுவதும் தெரியும். சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கு வாகனமில்லாத தெருக்கள் பெரிய நிம்மதி.

லேஸ் ஆர்க் ஒரே ஊர் அல்ல, உயரத்தின் பெயரால் அழைக்கப்படும் ஊர்களின் வரிசை. முதலாவதான ஆர்க் 1600, 1968 டிசம்பரில் திறக்கப்பட்டது. ரோஜே கோதினோ தொடங்கிய இந்தப் பணியில், முன்பு புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேவுடன் பணியாற்றிய வடிவமைப்பாளர் ஷார்லோத் பெரியான் பல கலைஞர்களோடு சேர்ந்து உழைத்தார். உயரத்தில் கட்டட வேலை நடப்பது பனி இல்லாத சில மாதங்களில் மட்டுமே என்பதால், ஆர்க் 1800 கட்டியபோது குளியலறைகளைத் தொட்டி, தொட்டியின் விளிம்பு, சுவர் எல்லாம் சேர்ந்த பாலியெஸ்டர் வார்ப்பாகத் தொழிற்சாலையிலேயே செய்து, மேலே கொண்டுவந்து பொருத்தினார்கள். இன்றும் சில அடுக்ககங்களில் அந்தக் குளியலறை அப்படியே இருக்கிறது: மூலைகளெல்லாம் வளைந்து, இணைப்புக் கோடே தெரியாமல், கை வைத்தால் சிப்பி ஓட்டின் உட்புறம் போல வழுவழுப்பாக. சமையலிடத்தையும் பெரியான் சுவரால் மறைக்காமல் கூடத்தை நோக்கித் திறந்துவிட்டார்; சமைப்பவர் தனித்துவிடப்படக் கூடாது என்பது அவருடைய எண்ணம். ஆகவே இங்கு விடுதி அறையைவிடப் பழுதுபார்த்த சிறு அடுக்ககம் ஒன்றை வாடகைக்கு எடுப்பதே அவருடைய வேலையை அருகிலிருந்து அறிய ஏற்ற வழி.

பனிச்சறுக்குத் தடங்களின் பரப்பையும் பார்த்துவிடுங்கள். ஃபிளேன் கிராண்ட் மாசிஃப் பகுதியைச் சேர்ந்தது. அவோரியாஸ் எல்லை தாண்டிச் சுவிட்சர்லாந்துக்குள்ளும் போகும் போர்த் து சொலேய் பகுதியின் நடுவே இருக்கிறது. லேஸ் ஆர்க் 2003 முதல் ஒரு பெரிய கேபிள் காரால் பக்கத்துப் பனிச்சறுக்குப் பகுதியான லா பிளாஞ்சுடன் இணைந்திருக்கிறது. முதல் முறை பழகுபவருக்கு இந்த அகலம் எதுவும் தேவையில்லை, உள்ளூர்த் தடங்களுக்கான அனுமதிச் சீட்டே போதும்.

மூன்றாம் படி: அறையைத் தேர்ந்தெடுத்தல்

அக்கால அறைகள் சிறியவை. இது குறையாக வந்ததன்று, திட்டமிட்டே செய்தது. பகல் முழுவதும் மலையில் இருப்பார்கள், மாலையில் பொதுக்கூடத்தில் கணப்பைச் சுற்றி உட்காருவார்கள், அறை உறங்க மட்டுமே என்று எண்ணி வரைந்தார்கள். எனவே அறையின் பரப்பைக் கேட்பதற்கு முன், பொதுக்கூடம் எவ்வளவு பெரியது, விருந்தினர் அனைவருக்கும் அது திறந்திருக்கிறதா, அல்லது பாதியை உணவகமாக மாற்றிவிட்டார்களா என்று கேளுங்கள். கூடத்தை இழந்த பழைய விடுதியில் சிறிய அறை மட்டுமே மிஞ்சும், அங்கே தங்குவதில் பயனில்லை.

அடுத்தது திசை. ஒரே கட்டடத்தின் இரண்டு பக்கங்களுக்கும் இடையே வெயிலில் பெரிய வேறுபாடு உண்டு. மலைச்சரிவைப் பார்த்த அறை, தெற்கு நோக்கிய அறை, உப்பரிகை உள்ள அறை ஆகிய மூன்றும் விளம்பரங்களில் ஒரே பொருளில் புழங்குகின்றன, ஆனால் மூன்றும் ஒன்றல்ல. எழுதிக் கேட்கும்போது "பிற்பகலில் அறைக்குள் வெயில் வருமா" என்றே கேட்டுவிடுவது நல்லது. உப்பரிகை இருந்தால் அதில் நின்று பார்க்க மட்டும் முடியுமா, உட்காரவும் முடியுமா என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சன்னல்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பொருத்திய மெல்லிய கண்ணாடியில் குளிர் நுழையும். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் முகப்பைத் தொடுவதற்கு அதிகாரிகளின் அனுமதி வேண்டும் என்பதால், உரிமையாளர் விரும்பினாலும் உடனே மாற்றிவிட முடியாது. சன்னல்கள் புதுப்பிக்கப்பட்டனவா என்ற ஒரே கேள்விக்குக் கிடைக்கும் பதிலிலிருந்து அந்த விடுதியின் பழுதுபார்ப்பு எவ்வளவு ஆழமாக நடந்தது என்பதையும் ஊகிக்கலாம்: பெயிண்ட் மட்டும் அடித்தவர்கள் இந்தக் கேள்விக்குச் சுற்றி வளைத்துத்தான் பதில் எழுதுவார்கள்.

இருவர் கட்டில் என்றால் அகலத்தைக் கேளுங்கள். பிரான்ஸில் 140 சென்டிமீட்டர் அகலக் கட்டிலும் இருவருக்கானதாகவே கணக்கில் வரும். சுவர் வழியே ஒலி கடக்கும் என்பதால், தூக்கம் எளிதில் கலைபவர்கள் லிஃப்டுக்கும் மதுக்கூடத்துக்கும் தொலைவான அறையைக் கேட்டுப் பெறுவது நல்லது.

நான்காம் படி: காலமும் கட்டணமும்

பனிக்காலம் ஏறத்தாழ டிசம்பர் நடுப்பகுதி முதல் ஏப்ரல் வரை நீளும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களும் பிப்ரவரியில் வரும் பிரெஞ்சுப் பள்ளி விடுமுறையும் விலை உச்சத்தில் இருக்கும் நாட்கள். அந்த விடுமுறை நாடு முழுவதற்கும் ஒரே சமயத்தில் வருவதில்லை; மூன்று மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு இரண்டு வாரம் என்று மாற்றி மாற்றி விடுவதால் நெரிசல் நான்கு வாரங்களுக்கு இழுபடும். புத்தாண்டுக்குப் பிந்தைய ஜனவரியில் விலை குறையும், தடங்கள் காலியாக இருக்கும், ஆனால் சூரியன் தாழ்வாகச் சென்று சீக்கிரமே மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். கட்டடத்தைப் பார்ப்பதும் வெயிலில் மேல்தளத்தில் உட்காருவதும் பயணத்தின் பாதி நோக்கம் என்றால், மார்ச் மாதத்தையே பரிந்துரைப்பேன்.

பல இடங்களில் சனி முதல் சனி வரை வாரக் கணக்கில்தான் வாடகைக்கு விடுகிறார்கள். காலை உணவும் இரவு உணவும் சேர்ந்த கட்டணத்தை 'அரை உணவு' என்று குறிப்பிடுவார்கள். உயரத்தில் உணவகங்கள் குறைவு என்பதால் பெரும்பாலும் அது இலாபமே. ஆளுக்கு, இரவுக்கு என்று வசூலிக்கும் உள்ளூர்ச் சுற்றுலா வரி அறை விலைக்குள் அடங்காமல் தனியாக வரலாம். அனுமதிச் சீட்டு, வாடகைச் சறுக்குக் கருவி, பயிற்சி வகுப்பு ஆகியவையும் தனி. இவை எல்லாவற்றையும் கூட்டிய பிறகே இரண்டு விடுதிகளை ஒப்பிட வேண்டும்.

ஐந்தாம் படி: போய்ச் சேர்தல்

ரயிலில் வருபவர்களுக்கு லேஸ் ஆர்க்கே எளிது. பூர்க் சென் மொரீஸ் நிலையத்தில் இறங்கி, அருகிலேயே இருக்கும் மலை இழுவை ரயிலில் ஏறினால் ஏழு நிமிடத்தில் ஆர்க் 1600 வந்துவிடும். ஃபிளேனுக்கு க்ளூஸ் நிலையத்திலிருந்தோ ஜெனீவா விமான நிலையத்திலிருந்தோ பேருந்து பிடிக்க வேண்டும். அவோரியாஸ் செல்பவர்கள் மோர்சீனுக்கு அருகிலிருந்து கேபிள் காரில் ஏறலாம். சாலை வழியே வந்தால் ஊர் வாசலில் காரை நிறுத்திவிட்டு, குதிரை வண்டியிலோ பனிமேல் ஓடும் வாகனத்திலோ மூட்டைகளோடு விடுதிக்குப் போகலாம். நிறுத்துமிடத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சொந்தக் காரில் வருபவர்கள், நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மலைப்பகுதிகள் பலவற்றில் குளிர்கால டயரோ டயருக்கான சங்கிலியோ கட்டாயம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சங்கிலி மாட்டுவதை வீட்டு வாசலில் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். பனி கொட்டும் இருட்டில், கையுறையோடு, பின்னால் வண்டிகள் வரிசையாக நிற்கும்போது கற்றுக்கொள்ளும் வேலை அன்று அது.

ஆறாம் படி: பெட்டியில் வைக்க வேண்டியவை

சுருக்கமாகவே சொல்லலாம். அலமாரி சிறியது, ஆகவே பெட்டியும் சிறியதாக இருக்கட்டும். உடலை ஒட்டிய கம்பளி உள்ளாடை இரண்டு செட், நீர் புகாத மேலுடை, கறுப்புக் கண்ணாடி, உதட்டுக் களிம்பு, உள்ளே நடக்க மெல்லிய காலணி, வெளியே நடக்கப் பிடிமானமுள்ள பூட்ஸ் ஆகியவை வேண்டும். சறுக்குப் பூட்ஸுக்குள் ஒரே ஒரு காலுறைதான் அணிய வேண்டும். இரண்டு அணிந்தால் மடிப்பு அழுத்தி, இரத்த ஓட்டம் குறைந்து, கால் இன்னும் குளிரும். வெயில் காப்புக் களிம்பை விட்டுவிடாதீர்கள். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் புற ஊதாக் கதிர் கூடுகிறது, புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி வீசுகிறது.

ஏழாம் படி: முதல் மாலை

வந்து சேர்ந்த மாலையிலேயே கருவிகளை வாடகைக்கு எடுத்துவிட்டால் மறுநாள் காலை வரிசையில் நிற்க வேண்டியதில்லை. உயரம், எடை, காலணி அளவு, பழக்கத்தின் நிலை ஆகியவற்றை உள்ளபடியே சொல்லுங்கள். இந்த விவரங்களை வைத்துத்தான் விழும்போது பூட்ஸ் கழன்றுகொள்ளும் பிடியின் இறுக்கத்தைக் கடைக்காரர் சரிசெய்கிறார் என்பதால், எடையைக் குறைத்துச் சொல்வது ஆபத்தில் முடியும்.

பிறகு ஸ்கீ அறைக்குப் போங்கள். சறுக்குக் கட்டைகளையும் பூட்ஸையும் மாடிக்கு எடுத்துச் செல்ல விடுதிகள் விடுவதில்லை. தரைத்தளத்திலோ அதற்குக் கீழோ இதற்கென்று ஓர் அறை இருக்கும். மாலையில் சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றும் லிஃப்டுகள் ஓட்டத்தை நிறுத்தும் நேரத்தில் அங்கே நின்று பார்த்தால் விடுதியின் தரம் தெரிந்துவிடும். பெஞ்சுகள் வரிசையாக இருந்து, வெப்பக் காற்று ஊதும் கம்பிகளில் பூட்ஸைக் கவிழ்த்து மாட்ட இடமிருந்து, உருகிய நீர் தரையில் தேங்காமல் சரிந்து ஓடினால், கட்டடத்தை நடத்துபவர்களுக்கு வேலை தெரியும். நனைந்த பூட்ஸ் குவிந்து, ஒருவர் கழற்றும்போது மற்றவர் ஒற்றைக் காலில் நிற்க வேண்டியிருந்தால், வரவேற்பறை எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. பூட்ஸின் கொக்கிகளை லேசாக மாட்டி வைத்துவிட்டுப் போங்கள். திறந்தே கிடந்தால் பிளாஸ்டிக் வடிவம் மாறி, காலையில் கால் நுழையாது.

எட்டாம் படி: பகலும் கட்டடமும்

லிஃப்டுகள் காலை ஒன்பது மணியளவில் திறக்கும். முதல் ஒரு மணி நேரம் தடங்கள் சமமாகவும் காலியாகவும் இருக்கும். பிரான்ஸில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்ற வரிசையில் கடினம் கூடும். வாசலிலிருந்தே சறுக்கிப் போகலாம் என்பது இவ்வூர்களின் பெருமை, ஆனால் திரும்பி வரும் தடம் எந்த நிறம் என்பதையும் வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். நாள் முடிவில், களைத்த கால்களோடு, இறுகிப்போன பனியில் சிவப்புத் தடம் இறங்குவது தொடக்கநிலையினருக்கு ஏற்றதன்று.

வாரத்தில் ஒரு பிற்பகலைக் கட்டடங்களுக்காக ஒதுக்குங்கள். வெயில் சாயும் நேரமே ஏற்றது. ஃபிளேனில் பிக்காசோவின் 'பெண் தலை', வசரேலியின் வண்ண அறுகோணங்கள், துபுஃபேயின் 'சிறுதோப்பு' ஆகிய சிற்பங்கள் திறந்தவெளியிலேயே நிற்கின்றன. சில்வி புவாசோனா 1970இல் அங்கே ஒரு கலை மையத்தையும் தொடங்கினார். பனி காலையில் ஒரு சிற்பத்தின் பாதியை மூடியிருப்பதும் உண்டு. அதுவும் பார்க்க வேண்டிய காட்சியே. மேல் ஃபிளேனையும் கீழ்ப் பகுதியையும் இணைக்கும் இலவச லிஃப்டில் ஏறி இறங்கினால், கட்டடங்கள் சரிவின் தட்டுகளில் எப்படி அமர்த்தப்பட்டன என்பது விளங்கும். ஆர்க் 1600இல் கட்டடங்கள் மலைச்சரிவோடு தாழ்ந்து படுத்திருப்பதைக் காண, ஊருக்கு மேலே சற்று ஏறி நின்று கீழே பாருங்கள். நிமிர்ந்து நின்று ஒன்றின் காட்சியை ஒன்று மறைக்கும் கட்டடங்கள் குறைவு.

உள்ளே வந்ததும் நாற்காலிகளைக் கவனியுங்கள். பிராயரே வடிவமைத்த 1920களின் எஃகுக் குழாய் நாற்காலிகள் இன்றும் உற்பத்தியாவதால், கூடத்தில் இருப்பது பழையதா புதியதா என்று பார்த்தவுடன் சொல்வது கடினம். ஊழியர்களைக் கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள். சுவரிலும் கணப்பிலும் மரப்பலகை அச்சின் வரிகள் பதிந்திருந்தால் அது அந்த இடத்திலேயே வார்த்த கான்கிரீட், விரல் வைத்துப் பார்க்கலாம்.

ஒன்பதாம் படி: பாதுகாப்பு

குறியிட்ட தடங்களை விட்டு வெளியே போகாதீர்கள். பனிச்சரிவு ஆபத்தை 1 முதல் 5 வரை எண்ணால் அறிவிப்பார்கள். 3 என்பது நடுவில் இருப்பதால் மிதமானது என்று எண்ணுவது தவறு; அந்த நிலையில் தடங்களுக்கு வெளியே ஒரே ஆளின் எடையில்கூடச் சரிவு கிளம்பக்கூடும். தடத்தில் அடிபட்டால் மீட்புப் படையினரின் சேவைக்குக் கட்டணம் உண்டு. அனுமதிச் சீட்டோடு சில யூரோவுக்கு நாள் காப்பீடு எடுத்துக்கொள்ளலாம், அல்லது உங்கள் பயணக் காப்பீட்டில் பனிச்சறுக்கும் மலை மீட்பும் சேர்ந்திருக்கின்றனவா என்று புறப்படுமுன் எழுத்தில் உறுதி செய்துகொள்ளலாம். அவசர எண் 112.

முதல் இரவில் தலைவலியோ தூக்கமின்மையோ இருந்தால், அறையின் வறண்ட காற்றும் உயரமும் காரணமாக இருக்கலாம். வெப்பத்தைக் குறைத்து, நிறைய நீர் குடித்து, முதல் மாலை மதுவைத் தவிர்த்தால் பெரும்பாலும் சரியாகும்.

பத்தாம் படி: கிளம்புதல்

சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். கீழ்நோக்கிய சாலையில் அன்றுதான் நெரிசல் மிகுதி, எனவே ரயிலையோ விமானத்தையோ மாலைக்குப் பதிவு செய்து, மூட்டையை விடுதியில் வைத்துவிட்டு, ஸ்கீ அறையைப் பிற்பகல் வரை பயன்படுத்தலாமா என்று முந்தின இரவே வரவேற்பறையில் கேளுங்கள். பல இடங்களில் சம்மதிக்கிறார்கள், சிலவற்றில் உடை மாற்றிக் குளிக்கவும் இடம் தருகிறார்கள். ஊருக்குள் வருபவர்களும் போகிறவர்களும் சாலையில் இருக்கும் அந்தச் சில மணி நேரம் தடங்கள் வாரத்திலேயே மிகவும் காலியாக இருக்கும். வாடகைக் கருவிகளை எத்தனை மணிக்குள் திருப்பித் தர வேண்டும் என்பதை மட்டும் ரசீதில் பார்த்துக்கொள்ளுங்கள்.